மைனாவுக்குக் கொடுத்த மருந்து

கால் கிலோ ஓமம், நூறு கிராம் பெருங்காயம், கொஞ்சம் இந்துப்பு என்று கேட்டுவிட்டு அந்த ஆள் கடை வாசலிலேயே நின்றார். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களிலும் மணல் ஒட்டியிருந்தது. மதியம் இரண்டு மணி இருக்கும். மந்தைவெளியில் அந்த நேரத்துக்குக் கடைத்தெருவே அசந்து கிடக்கும்.

கால் கிலோ ஓமத்தை ஒரே தடவையில் வாங்குகிறவர் சமையல் கான்டிராக்டராக இருப்பார், இல்லையென்றால் முறுக்கு போட்டு விற்பவராக இருப்பார். வீட்டில் விசேஷமா என்று கேட்டேன்.

"இல்லக்கா, குதிரைக்கு. காலைலேர்ந்து வவுறு ஊதிகினு கீது."

பக்கத்துத் தெருவில் வீணை சொல்லிக்கொடுக்கும் மாமி ஒருவர் அப்போது கடுக்காய்ப் பொடிக்காக நின்றுகொண்டிருந்தார். "எங்காத்துல எனக்கும் அதேதான் கரைச்சுக் குடுக்கறா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த மனிதருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் வரவில்லை.

அவர் பெயர் கன்னியப்பன். பட்டினப்பாக்கம் குப்பத்தில் வீடு. சாயங்காலத்தில் கலங்கரை விளக்கத்துப் பக்கம் மணலில் குழந்தைகளைக் குதிரையில் ஏற்றி ஒரு சுற்று கூட்டிப்போவது தொழில். இருந்தது ஒரே ஒரு குதிரை. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைத் திட்டு, பெயர் மைனா. கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சுண்டலை யாரோ கொண்டுவந்து போட, அது ஒரு குண்டான் நிறையத் தின்றுவிட்டிருந்தது.

எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று என்னையே சொல்லச் சொன்னார். எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொல்லியிருக்கலாம். ஆனால் நாட்டு மருந்துக் கடையில் உட்கார்ந்திருப்பவளுக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் வரவே வராது.

வண்டிக்காரர்கள் வாங்கிப்போனது

நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்தக் கடைக்கு வந்தவள். முதல் இருபது வருடம் மாடியில் சமையலும் பிள்ளைகளும். பெரியவன் கல்லூரிக்குப் போன பிறகுதான் கீழே இறங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார ஆரம்பித்தேன். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று பெயர் பார்க்காமல், மூடியைத் திறந்து மோந்து பார்த்தே சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன். அந்தத் தேர்ச்சியில் ஒரு கர்வமும் உண்டு. வசம்பையும் கோரைக்கிழங்கையும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பேன் என்று வருகிறவர்களிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன்.

என் மாமனார் காலத்தில் மயிலாப்பூர் குளத்துப் பக்கம் குதிரை வண்டிகள் நிற்குமாம். கொள்ளு ஊறப்போட்டுத் தின்னும் குதிரைகளுக்கு வாயு பிடித்துக்கொள்ளும். வண்டிக்காரர்கள் வந்து ஓமம், பெருங்காயம், இந்துப்பு வாங்கிப்போய்க் காய்ச்சி, வெல்லம் போட்டு, மூங்கில் குழாயில் ஊற்றி விடுவார்கள். இவர், அதாவது என் வீட்டுக்காரர், சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்ததை எப்போதோ சாப்பிடும்போது சொன்னார். மழைநாளில் வண்டிக்காரர்கள் கடைக்குள் வந்தால் ஈரச் சாக்கும் புல்லும் கலந்த ஒரு வாசனையும் கூடவே வருமாம். சுக்குக் காய்ச்சிய தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுத்தான் போவார்களாம்.

அந்த ஞாபகத்தைத்தான் நான் அன்றைக்குப் பிடித்துக்கொண்டேன். பெரிய ஆளுக்கு ஒரு ஸ்பூன் என்றால் அவரைப்போல் ஆறேழு பேர் எடையுள்ள குதிரைக்கு எவ்வளவு என்று பள்ளிக்கூடத்துக் கணக்குப்போட்டு ஒரு அளவு சொன்னேன். அவர் அதை இரண்டு முறை திருப்பிச் சொல்லி மனதில் ஏற்றிக்கொண்டு போனார்.

இவர் சாப்பிட்டுவிட்டு இறங்கி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டி வைத்தார். அவருக்குப் பிடிக்காதபோது அப்படித்தான் செய்வார்.

பெயர் வந்த கதை

மறுநாள் காலையில் கன்னியப்பன் ஒரு பை நிறைய நெத்திலியோடு வந்தார். மருந்தைக் கொடுத்து மணலில் இரண்டு மணி நேரம் நடக்க வைத்திருக்கிறார்கள். குப்பமே திரும்பிப் பார்க்கும்படி மைனா ஒரு சத்தம் விட்டதாம். அதோடு வயிறு இறங்கிவிட்டது. அந்தச் சத்தத்தை அவர் கடை வாசலில் நின்று வாயாலேயே செய்து காட்டினார். எதிரே பூக்கட்டும் அம்மா சரத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

பிறகு கடற்கரையில் குதிரை வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடும் ஒருவர் தேனாம்பேட்டையிலிருந்து வந்தார். எனக்குக் குதிரைக்கார அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். சொந்தக்காரர்கள் கல்யாணத்தில்கூட அந்தப் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்தார்கள். வேண்டாம் என்று கையை ஆட்டினாலும் எனக்கு உள்ளுக்குள் பிடித்திருந்தது. அந்த வயதில், பிள்ளைகள் வெளியூர் போன பிறகு, ஒருவர் நம்மைத் தேடிவந்து ஒன்று கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த வயதுக்கு வந்தவர்களுக்குத் தெரியும்.

அதோடு நின்றிருக்கலாம். குதிரைக்கு மலச்சிக்கல் என்று ஒருவர் வந்து கேட்டபோது, விளக்கெண்ணெயில் ஓமமும் சுக்கும் பெருங்காயமும் போட்டுக் காய்ச்சி, பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். அடுத்த மாதம் பத்து பாட்டில் காய்ச்சினேன். கடையின் லேபிளை ஒட்டினேன். மாடியில் அது கொதிக்கும்போது படிக்கட்டு முழுக்க ஒரு கனத்த வாசனை இறங்கும். இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிற வாசனை.

இவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். "மனுஷனுக்குக் கொடுத்தா வலிக்குதுன்னு வந்து சொல்லுவான். அது சொல்லாதுல்ல."

பதிலுக்கு நான் வண்டிக்காரர்கள் கதையை அவருக்கே திருப்பிச் சொன்னேன்.

வாளியின் அடியில்

ஒரு வருடம் போயிருக்கும். மார்கழி முடிந்து, காலை வெயில் உறைக்கத் தொடங்கியிருந்த சமயம். கடை திறக்கும் நேரத்தில் கன்னியப்பனின் மனைவி தேவகி போன் செய்தாள். மைனா இரண்டு நாளாகச் சரியாக லத்தி போடவில்லை, படுத்துப் படுத்து எழுந்திருக்கிறது என்றாள். நான் யோசிக்கவே இல்லை. பாட்டில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல் என்றேன். கன்னியப்பன் பைக்கில் வந்து இரண்டு பாட்டில் வாங்கிப்போனார்.

பதினொரு மணிக்கு மறுபடி போன். எண்ணெய் ஊற்றிய பிறகு மைனா இருமுகிறது, இருமல் நிற்கவில்லை என்று தேவகி அழுதாள். கடையை இவரிடம் விட்டுவிட்டு ஆட்டோவில் போனேன்.

குதிரையைக் கட்டியிருந்தது கடலைப் பார்த்த ஒரு தகரக் கொட்டகை. தரை முழுக்க மணல். மைனா நின்றுகொண்டிருந்தது. உடம்பெல்லாம் வேர்த்து நிறம் கறுத்திருந்தது. முன்னங்காலால் மணலைச் சுரண்டும். யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல் கழுத்தைத் திருப்பித் தன் வயிற்றைப் பார்க்கும். பிறகு இருமும். மூக்குத் துவாரத்தைச் சுற்றி எண்ணெய் பளபளத்தது. அந்தக் கொட்டகை முழுவதும் என் மாடிப்படிக்கட்டு வாசனை.

அதற்குள் பக்கத்து வீட்டார் ஒரு கால்நடை டாக்டரை வரவழைத்திருந்தார்கள். நித்யா என்று பெயர், முப்பது வயதுக்கு மேல் இருக்காது. குப்பத்து நாய்களுக்குத் தடுப்பூசி போட அடிக்கடி வருகிறவர். ஸ்கூட்டரை மணலிலேயே சாய்த்துப் போட்டுவிட்டு இரண்டு பைகளோடு உள்ளே வந்தார். வந்ததும் யாரிடமும் பேசாமல் மைனாவின் விலாவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். மார்பில் கேட்கும்போது மட்டும் முகம் மாறியது.

வலிக்கு ஒரு ஊசி போட்டார். பிறகு தோள்வரை நீண்ட கையுறையை மாட்டிக்கொண்டு, உள்ளே தேங்கியிருந்த லத்தியில் ஒரு பிடி எடுத்தார். அதை ஒரு வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கி, அசையாமல் வைக்கச் சொன்னார். நாங்கள் எல்லோரும் அந்த வாளியைச் சுற்றி நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து மேலே மிதந்த புல்லையும் தண்ணீரையும் மெதுவாகச் சாய்த்து ஊற்றினார். வாளியின் அடியில் விரல் தடிமனுக்கு மணல் படிந்திருந்தது.

"வலி இதுதான்" என்றார் டாக்டர். "புல்லை மணல்ல போடுறீங்க. அது புல்லோட மணலையும் சேர்த்துத் தின்னுருக்கு. எத்தனை வருஷமோ."

மாமனாரிடம் மருந்து வாங்கிப்போன வண்டிக்காரர்களின் குதிரைகள் தார் ரோட்டில் நின்று, கழுத்தில் தொங்கிய சாக்கில் கொள்ளு தின்றவை. அவற்றின் வயிற்றில் இருந்தது காற்று. இதன் வயிற்றில் இருந்தது கடற்கரை. வலி ஒன்றுபோலத் தெரிகிறது என்பதற்காக நான் இரண்டுக்கும் ஒரே கைவைத்தியத்தை நீட்டியிருக்கிறேன்.

டாக்டர் நிமிர்ந்து, எண்ணெய் ஊற்றச் சொன்னது யார் என்று கேட்டார்.

நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். கன்னியப்பன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நானாதான் டாக்டர் ஊத்துனேன்."

தேவகி தரையைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஐந்து மணி வரை

குதிரைக்கு வாந்தி எடுக்க வராது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் எதை ஊற்றினாலும் பாதி நுரையீரலுக்குப் போக வாய்ப்பிருக்கிறது என்பதையும். டாக்டர் இதையெல்லாம் கோபமில்லாமல் கன்னியப்பனிடம் சொல்லிக்கொண்டே, மூக்கு வழியாக ஒரு நீளக் குழாயை வயிறு வரைக்கும் இறக்கினார். குழாய் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறதா என்று அவர் திரும்பத் திரும்பச் சோதித்தார். நான் வெறும் பாட்டிலைக் கொடுத்தனுப்பியிருந்தேன்.

ஈசப்கோல் நிறைய வேண்டும், பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. நான் கொண்டுவருகிறேன் என்றேன்.

ஈசப்கோல் உமி என் கடையில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. மலச்சிக்கலுக்குத் தினமும் யாராவது வாங்குவார்கள். தண்ணீரில் போட்டால் கொழகொழவென்று உப்பி, எதிர்ப்பட்டதைச் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும். குதிரை வயிற்று மணலுக்கும் அதைக் கொடுப்பார்கள் என்பது தெரியாமல் ஒரு வருடம் அதன் எதிரிலேயே உட்கார்ந்து விளக்கெண்ணெயை பாட்டிலில் நிரப்பிக்கொண்டிருந்தேன். இருந்ததையெல்லாம் சாக்கில் அள்ளிப்போட்டேன். இவர் என்னைப் பார்த்தார், சாக்கை ஆட்டோவில் தூக்கி வைத்தார்.

டாக்டர் அதை வாளியில் கரைத்து, இறுகுவதற்குள் குழாய் வழியாக உள்ளே தள்ளினார். பிறகு நடக்க வைப்பது, நிறுத்துவது, விலாவில் கேட்பது. கன்னியப்பன் கயிற்றைப் பிடித்து நடந்தார், அவர் ஓய்ந்தபோது தேவகி நடந்தாள். வெயில் இறங்கியது. படகு ஓரத்தில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட அடிக்கடி தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

ஐந்து மணி சுமாருக்கு மைனா நடந்துகொண்டே வாலைத் தூக்கியது. முதலில் கொஞ்சம், பிறகு கனமாக ஒரு குவியல். தேவகி ஓடிப்போய் அதை வெறுங்கையால் அள்ளிப் பிசைந்து பார்த்தாள். "மண்ணு வருது, மண்ணு வருது" என்று சொல்லிக்கொண்டே அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு குப்பமே லத்தியைச் சுற்றி நின்று சந்தோஷப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன் என்றால் நம்புவீர்களா தெரியவில்லை. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. வயிறு தப்பித்துவிட்டது, நெஞ்சைப் பற்றி இன்னும் சொல்ல முடியாது என்றார்.

லேபிள்

மறுநாள் காலையில் டாக்டரின் கிளினிக் வாசலில் போய் நின்றேன். மந்தைவெளியிலேயே ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறை. காதில் கட்டுப்போட்ட ஒரு பூனைக்குப் பின்னால் என் முறை வந்தது. அந்த எண்ணெய் நான் காய்ச்சிக் கொடுத்தது, கன்னியப்பன் எனக்காகப் பொய் சொன்னார் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"தெரியும்மா. பாட்டில்ல உங்க கடை லேபிள் இருந்துச்சே."

அப்போதே ஏன் என்னைக் கேட்கவில்லை என்றேன். குதிரையைப் பார்க்கவே நேரம் போதவில்லை என்றார். ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளி, அந்த எண்ணெயில் என்னென்ன போட்டேன், எவ்வளவு போட்டேன் என்று எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டுச் சொன்னார்:

"இதை நேத்தே சொல்லியிருந்தா எனக்கு உபயோகமா இருந்திருக்கும்."

திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

மைனாவுக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் ஊசி போட்டார்கள். நான் தினமும் கடை திறப்பதற்கு முன் பட்டினப்பாக்கம் போனேன். காய்ச்சலைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுவது என் வேலை. மைனா காதுகள் தொங்கி, தவிட்டுக் கஞ்சியை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். விலாவில் காதை வைத்துக் கேட்க டாக்டர் எனக்குச் சொல்லித் தந்தார். முடி குத்தும், வேர்வை நாறும். கொஞ்சம் பொறுத்தால் உள்ளே தூரத்து மேம்பாலத்தில் பறக்கும் ரயில் போவதுபோல் ஒரு உருட்டல் கேட்கும். அந்த உருட்டல் இருந்தால் குடல் வேலை செய்கிறது, சத்தமே இல்லையென்றால் உடனே போன் செய்ய வேண்டும். ஆறாவது நாள் மைனா கஞ்சியில் வாயை வைத்தது. கன்னியப்பன் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

முதல் தடவை சரியானதற்கு என் மருந்தா காரணம் என்று டாக்டரிடம் ஒருநாள் கேட்டேன். காற்று வலிதானே, நடக்க வைத்ததிலேயே இறங்கியிருக்கும் என்றார். ஓமத்தின் மேல் தனக்குக் கோபமில்லை, குதிரை தானாகத் தீவனத்தோடு தின்றால் கொஞ்சம் தின்றுவிட்டுப் போகட்டும், வலி என்று வந்தால் மட்டும் யாரும் எதையும் ஊற்றக்கூடாது என்றார். என்னுடைய ஒரு வருடப் புகழ் மைனா முதல் தடவை விட்ட அந்தச் சத்தத்தோடு காற்றில் போனதுதான் என்று புரிந்தது.

பாட்டில் வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் நானே போய்த் திருப்பி வாங்கிவந்தேன். கடற்கரைக்காரர்கள் எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். புல்லைத் தொட்டியில் போடச் சொன்னேன், தரையில் ரப்பர் பாய் விரிக்கச் சொன்னேன், டாக்டர் சொன்ன அளவில் மாதத்தில் ஒரு வாரம் ஈசப்கோல் கொடுக்கச் சொன்னேன். தேனாம்பேட்டைக்காரர் மட்டும் பாட்டிலைத் தரவில்லை. நன்றாகத்தானே வேலை செய்கிறது, எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று என்னையே கேட்டார். அவர் பேசிய தைரியம் எனக்கு நன்றாகத் தெரிந்த தைரியம். அந்தக் குதிரைக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது யாராவது குதிரைக்கென்று ஓமம் கேட்டால் தராசுக்கு மேலே ஒட்டியிருக்கும் டாக்டரின் நம்பரைக் காட்டுகிறேன். சிலர் முணுமுணுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்கள்.

ஒரு சுற்று

ஒன்றரை மாதம் கழித்து மைனாவை மணலுக்குக் கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் இவரும் நானும் போயிருந்தோம். தேவகி அதன் கழுத்தில் ஒரு சாமந்திச் சரம் கட்டியிருந்தாள். காற்று பலமாக அடித்தது. சோளம் சுடுகிற புகை எங்கள் பக்கமே வந்தது.

இவர் சுண்டல் வாங்கப் போன சமயத்தில் கன்னியப்பனிடம் கேட்டேன். அன்றைக்கு டாக்டரிடம் என் பெயரைச் சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை என்றேன். ஒன்றரை மாதமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி. அவர் சேணத்தின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"இன்னாக்கா நீ. ஊத்துனது என் கை. உன் பேர சொல்லிட்டா அதுக்கு இருமல் நின்னுடுமா?"

முடிச்சை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "நீ வராம கூட இருந்திருக்கலாம். ஆட்டோ புடிச்சு ஓடியாந்த இல்ல" என்றார்.

சிவப்புக் கவுன் போட்ட ஒரு குழந்தை அப்பாவின் கையை இழுத்துக்கொண்டு வந்தது. கன்னியப்பன் அதைத் தூக்கி மைனாவின் மேல் உட்கார வைத்து, கயிற்றைத் தளர்த்திப் பிடித்து நடக்க ஆரம்பித்தார்.

பத்தடி போயிருக்கும். மைனா நின்று ஒரு முறை இருமியது.

கன்னியப்பன் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். தேவகி என் கையைப் பற்றிக்கொண்டாள். அலை வந்து போகிற நேரம்தான் இருக்கும், மூன்று பேரும் மூச்சு விடவில்லை. மேலே உட்கார்ந்திருந்த குழந்தைக்கு ஒன்றும் தெரியாது, போ போ என்று காலை உதைத்தது.

மைனா தலையை ஒரு உலுக்கு உலுக்கி, மூக்கால் பலமாகக் காற்றை ஊதிவிட்டு, ஈரமணலில் கால் பதிய நடந்தது.